உடங்காட்டில் நின்ற கார்கள்

அந்தக் கன்றுக்குட்டி ஒரு காரின் கதவில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது.

உச்சி வெயில். உடங்காட்டு உடைமரங்களின் நிழல் அந்தந்த மரத்தின் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. கன்றுக்கு ஆறு மாதம் இருக்கும். செவலை. கண் இரண்டும் விரியத் திறந்திருந்தன. விரலை நீட்டி அதன் கண்ணுக்கு நேரே கொண்டுபோனேன். இமைக்கவில்லை. கையைத் தட்டினேன். காது மட்டும் ஆடியது. வாயோரத்தில் நுரை. பல்லை நறநறவென்று அரைக்கும் சத்தம் நாலடி தள்ளியும் கேட்டது.

பிடித்து இழுத்து வேறு பக்கமாகத் திருப்பிவிட்டேன். அது தடுமாறி ஒரு வட்டம் சுற்றியது. மறுபடியும் அதே காருக்கு வந்து, அதே கதவில் நெற்றியை வைத்தது.

"அங்கன நிக்காதிய டாக்டரம்மா. பைய வெளிய வந்துருங்க."

வேலிக்கு அப்பால் நின்று சொன்னவர் சுடலை. எங்கள் ஆஸ்பத்திரியின் உதவியாளர். ஐம்பது வயது. முரட்டுக் காளையின் மூக்கணாங்கயிற்றை ஒற்றைக் கையில் பிடித்து நிறுத்துகிறவர். அன்றைக்கு வேலியைத் தாண்டி ஓரடி எடுத்து வைக்கவில்லை.

"உள்ள இருக்கவன் கதவைத் தொறக்கச் சொல்லுதான். அதான் அது முட்டுது," என்றார்.

காருக்குள் எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிற அம்பாசடர். முன்பக்கம் டிரைவர் இருக்கை வரைக்கும் நசுங்கி உள்ளே போயிருந்தது. ஆனால் மிச்சமிருந்த கண்ணாடிகள் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. பின் இருக்கையில் ஒரு மூக்குக் கண்ணாடி, மடித்தபடி. யாரோ இப்போதுதான் கழற்றி வைத்துவிட்டு இறங்கினது போல.

நிமிர்ந்து பார்த்தேன். அதற்குப் பின்னால் இன்னொரு கார். அதற்குப் பின்னால் இன்னொன்று. மரங்களுக்கு நடுவே வரிசையாக, எல்லாம் ஆற்றைப் பார்த்தபடி.

மாட்டு டாக்டர்

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். முக்கூடல் பக்கத்தில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு கால்நடை ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

என் அப்பா பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். "பொண்ணு டாக்டராமே?" என்று யாராவது கேட்டால் "ஆமா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எந்த டாக்டர் என்பதை அவர்களே விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று.

பொம்பளை டாக்டர் மாட்டுக்கு ஊசி போடுவதைப் பார்க்க முதல் மாதம் கூட்டம் வந்தது. அந்தக் கூட்டத்தில் வேடிக்கை பார்க்காமல், வந்து மாட்டைப் பிடித்துக்கொண்டவள் பேச்சியம்மாள். நாற்பதை நெருங்குகிற வயது. நாலு பசு, மூன்று கன்று வைத்திருந்தாள். புருஷன் மலைமேல் எஸ்டேட்டில் வேலை. மாதம் ஒரு தடவை இறங்கி வருவான். அவள் ஆற்றங்கரையில் மேய்த்து, ரெண்டு வேளையும் வீடு வீடாகப் பால் ஊற்றிப் பிழைத்தாள். என் வீட்டுக்கும் அவள் பால்தான்.

கார்க் கதவில் முட்டி நின்றது அவளுடைய கன்று.

நான் அதை மூளைக் காய்ச்சல் என்று நினைத்தேன். அதற்கு உண்டான ஊசியைப் போட்டேன். பொழுது ஆற்றுக்குள் இறங்குவதற்கு முன் கன்று செத்துப்போனது. மறுநாள் காலை ஒரு பசு. நடந்து வந்து வேப்பமரத்தில் நேராக முட்டியது. மரம் அங்கே இருப்பதே அதற்குத் தெரியவில்லை. அதற்கும் அதே ஊசிதான் போட்டேன். மத்தியானம் அதுவும் போய்விட்டது.

"மேய்ச்சலுக்கு வேற எடம் இல்லம்மா. மழை தள்ளிப்போச்சு. ஆத்தங்கரை பூராவும் காஞ்சு கெடக்கு. உடங்காட்டுக்குள்ளதான் பச்சை இருக்கு," என்றாள் பேச்சி. அழவில்லை. செத்த பசுவின் காதைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

கார் சாகாத காலம்

கார்கள் எப்படி அங்கே வந்தன என்று சொல்வதற்கு முன்னால் இன்னொன்று சொல்ல வேண்டும்.

எங்கள் சின்ன வயதில் கார் சாவதே கிடையாது. டாக்டரோ வக்கீலோ வாங்குவார். பத்து வருஷம் கழித்து அது வாடகை ஸ்டாண்டுக்கு வரும். அங்கேயிருந்து கல்யாண வண்டியாகும். பிறகு யாரோ பின்பக்கத்தை அறுத்துவிட்டு வாழைத்தார் ஏற்றுவார்கள். ஒரு தடவை முக்கூடல் சந்தையில், கார் அச்சு பூட்டிய மாட்டுவண்டியின் காளைக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் புது மாதிரி சின்னக் கார்கள் வரத் தொடங்கின. பழசு எல்லாம் ஆங்காங்கே நின்றுவிட்டன. பட்டறை வாசலில், போலீஸ் ஸ்டேஷன் மதிலோரத்தில், கோயில் நந்தவனத்தில். மழையில் நனைந்து, அடித்தகடு இற்று, செடி முளைத்து. யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. எனக்கும்தான். இரும்பு சும்மா நிற்கிறது, அதனால் யாருக்கு என்ன என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

உடங்காட்டின் சொந்தக்காரர் சங்கரலிங்கம் பிள்ளை. ஒரு காலத்தில் ஆற்றுப்பாசனத்தில் நிறைய நஞ்சை வைத்திருந்த குடும்பம். எல்லாம் கைமாறிப்போய், ஆற்றை ஒட்டிய இந்தப் புஞ்சையும் ஊருக்குள் ஒரு பழைய வீடும்தான் மிச்சம். அவருக்கு ஒரே மகன். நாலு வருஷத்துக்கு முன்னால் நாங்குநேரி தாண்டி லாரியில் மோதி இறந்துபோனான். வழக்கு முடிந்து போலீஸ் ஸ்டேஷனிலிருந்து காரை விட்டபோது, பிள்ளை அதைக் கட்டி இழுத்துவந்து உடைமரங்களுக்கு நடுவே நிறுத்தினார். விற்க மனசு வரவில்லை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

கல்லிடைக்குறிச்சியில் மகளைப் பறிகொடுத்த ஒருவர் இதைக் கேள்விப்பட்டு வந்தார். "எங்க வண்டியும் இங்கன நிக்கட்டுமா?" என்று கேட்டார். பிள்ளை சரி என்றார். அப்புறம் ஒருவர் சொல்லி ஒருவர். ஆள் செத்த கார்கள் மட்டும் அங்கே வந்து சேர்ந்தன. அவர் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. யாரையும் திருப்பி அனுப்பவும் இல்லை.

நான் எண்ணிப் பார்த்த அன்றைக்குப் பத்தொன்பது நின்றன.

வலை வயிறு

மூன்றாவதாக இன்னொரு பசுவும் படுத்துவிட்டதும் எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது. செத்த பசுவை அறுத்துப் பார்ப்பதென்று முடிவுசெய்தேன். பேச்சி சரி என்று தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மாட்டுக்கு நாலு வயிறு. அதில் ஒன்று, உள்ளே தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும். தவறி விழுங்கிய ஆணி, கம்பியெல்லாம் அங்கேதான் போய்த் தங்கும். அதைக் கீறித் தண்ணீர் விட்டுக் கழுவினேன். அறைகளுக்குள் சிலேட்டுக் குச்சியை உடைத்துப்போட்டது போலச் சாம்பல் நிறத் துண்டுகள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். அளவுக்குச் சம்பந்தமில்லாத கனம்.

"ஈயம்லா இது," என்றார் சுடலை. அவர் குரலில் பயம் போய் வேறு ஏதோ வந்திருந்தது. "பேட்டரிக்குள்ள இருக்குமே."

கல்லூரியில் ஒரே ஒரு வரி படித்திருந்தேன். ஈயம் தின்ற மாட்டுக்குக் கண் தெரியாது, வட்டம் சுற்றும், பல்லை அரைக்கும், கிடைத்த சுவரில் தலையை வைத்து அழுத்தும். பரீட்சைக்கு வராது என்று தாண்டிப்போன வரி.

அன்று வெயில் சாய்ந்ததும் மறுபடியும் உடங்காட்டுக்குள் போனேன். பேச்சி கூட வந்தாள். குனிந்து ஒவ்வொரு காரின் அடியிலும் பார்த்தோம். சாம்பல் அம்பாசடரின் முன்னால் பேட்டரி கீழே கிடந்தது. அதைத் தாங்கியிருந்த தகடு துருவில் இற்று விழுந்திருக்கிறது. பெட்டி வெடித்து, உள்ளே இருந்த தகடுகள் வெளியே சரிந்திருந்தன. அவற்றின் மேல் வழவழவென்று நாக்குத் தடம். ஈய உப்பு தித்திக்கும் என்பது எனக்குத் தெரியும். தித்திப்பும் உப்பும் கலந்தால் எந்த மாடும் விடாது. பார்த்த ஏழெட்டுக் கார்களில் இதே கதை. மண்ணில் எண்ணெய் இறங்கி, மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் படர்ந்திருந்தது. அந்த மண்ணில் ஒரு எறும்பு இல்லை.

அந்த இடத்தில் ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்போது ஹாரன் அடித்தது.

வரிசையின் கடைசியில் ஒரு வெள்ளை வேன். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். உள்ளே யாரும் இல்லை. நீளமாக, விடாமல் அடித்தது. ஆற்றுப் பக்கத்திலிருந்து கொக்குகள் எழும்பிப் பறந்தன. பேச்சி என் கையைப் பிடித்ததில் நகம் பதிந்தது. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கனைப்பாகி, முனகலாகி நின்றது. சற்றுக் கழித்து மறுபடியும் ஒரு சின்ன முனகல்.

மரங்களுக்கு நடுவே ஒரு பெரியவர் ஓடிவந்தார். வெள்ளை வேட்டி, தோளில் ஈரத்துண்டு, நெற்றி நிறையத் திருநீறு. எங்களைப் பார்க்கவே இல்லை. நேரே வேனிடம் போய் அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார்.

"சரி... சரி... ஒண்ணுமில்ல," என்றார். தூங்காத பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற குரல்.

பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார். "புதுசா வந்தது இல்லா? கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருக்கும். பொறவு பழகிரும்."

ஹாரனின் காரணம் பிற்பாடு தெரிந்தது. எலி வயரைக் கடித்திருக்கிறது. பேட்டரியில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருந்திருக்கிறது. காரணம் தெரிந்த பிறகும், இத்தனை வருஷம் கழித்தும், எங்காவது ஒரு ஹாரன் விடாமல் அடித்தால் நான் இருக்கிற இடத்தில் நின்றுவிடுகிறேன்.

காத்துக்கொண்டிருக்கிறவர்கள்

அவர்தான் சங்கரலிங்கம் பிள்ளை. கையிலிருந்த ஈயத் துண்டுகளை அவரிடம் காட்டினேன். எங்கிருந்து எடுத்தேன் என்று சொன்னேன். இந்தக் கார்களைப் பிரித்து எடுத்துவிட வேண்டும் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. துண்டை ஈரம் பிழிந்து, அம்பாசடரின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"பிரிக்கிறதுன்னா?"

"பேட்டரியக் கழட்டணும். ஆயிலை எல்லாம் வடிச்சு எடுக்கணும். அப்புறம் வண்டியை அறுத்து உருக்க அனுப்பிரலாம் ஐயா."

"நாலு வருஷமா ஒரு வண்டி பானட்டை நான் தொறந்ததில்லை. அறுக்கச் சொல்லுதிய." துடைத்துக்கொண்டே பேசினார். "என்னை நம்பி விட்டுட்டுப் போயிருக்காங்கம்மா. இது சுடுகாடு இல்ல. இங்கன இருக்கவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

"யாரு?"

"யாரு வண்டியோ அவங்க."

முந்தின நாள் ராத்திரி முழுக்கத் தூங்காதவர் கண்ணில் ஒரு பளபளப்பு இருக்கும். அவர் கண்ணில் அது நாலு வருஷத்துப் பளபளப்பு.

பேச்சி மட்டும் போகிற போக்கில் கேட்டாள். "எய்யா, உங்க மகனுக்கு நிக்க எடம் குடுத்துருக்கிய. என் மாட்டை நான் எங்கன கொண்டு நிறுத்துவேன்?"

அவர் துண்டை மறுபடியும் பிழிந்தார்.

அன்று சாயங்காலம் மிச்சமிருந்த மாடுகளுக்குப் பேதி உப்பைக் கரைத்து ஊற்றினேன். ஊசி மருந்தும் போட்டேன். படுத்திருந்த பசு தப்பவில்லை. மற்ற நாலும் மெல்ல மெல்லத் தேறின. ஆனால் தேறிய மாட்டின் பாலிலும் கொஞ்ச நாளைக்கு ஈயம் வரும். அதைப் பேச்சியிடம் சொல்லுவதற்கு முன்னால் இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன்.

"பாலை ஊத்தாம மாட்டுக்கு என்னத்தப் போட?" என்றாள். அப்புறம் மெதுவாக, "எத்தனை நாளா பாலுல வருது டாக்டரம்மா?"

"தெரியல பேச்சி. ஒரு மாசமாவது இருக்கலாம்."

அவள் முகம் மாறிப்போனது. "பிள்ளை வீட்டுப் பேத்திக்கு என் பாலுதான். நாலு வயசுப் பிள்ளை. பத்து நாளா வயித்துவலிங்கா. சோறு எறங்கலையாம். தாயி நேத்துக்கூடச் சொல்லுச்சு."

நானும் அதே பாலைத்தான் தினமும் குடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு என் நினைப்பு வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் பேச்சி வெறும் தூக்குவாளியோடு வீடு வீடாகப் போனாள். "மாட்டுக்குச் சீக்கு. என் பாலு நல்லா இல்ல. வாங்காதிய" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். யாரும் அப்படிச் செய்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கறந்த பாலை ஆற்றுக்குத் தள்ளி ஒரு குழி தோண்டி அதில் ஊற்றினாள்.

மருமகள்

பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். குழந்தை கட்டிலில் சுருண்டு படுத்திருந்தது. மீனு என்று பெயர். நகக்கண்ணும் உதடும் வெளுத்திருந்தன. நான் மாட்டு டாக்டர், மனிதருக்குச் சொல்லக்கூடாது. ஆனாலும் சொன்னேன். பாலை உடனே நிறுத்தச் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஈயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னேன்.

பிள்ளை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்து அவர் மருமகள் பார்வதி வந்தாள். என் வயதுதான் இருக்கும். வீட்டில் அவள் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை என்று பேச்சி சொல்லியிருந்தாள். நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் உடங்காட்டுப் பக்கம் போனதில்லை.

"மாமா, எடுத்துருங்க," என்றாள்.

"பார்வதி, அவன்..."

"அவுக போயி நாலு வருஷமாச்சு. இவ இங்கன இருக்கா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவள் எங்கே போகிறாள் என்று எனக்குப் புரிந்து பின்னாலேயே போனேன். பிள்ளையும் வந்தார்.

உடங்காட்டில் அவள் யாரிடமும் எது என்று கேட்கவில்லை. நேரே சாம்பல் அம்பாசடரிடம் போனாள். பின்கதவின் பிடியை இழுத்தாள். துருப்பிடித்துத் திறக்கவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தாள். கதவு ஒரு அலறலோடு திறந்தது. பிள்ளை கையைத் தூக்கி ஏதோ தடுக்கப் போனார்; கை அப்படியே நின்றது.

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தபோது முகம் வெறுமையாக இருந்தது.

"அவுக வாசனை இருக்கும்னு நினைச்சுத்தான் நான் இத்தனை நாளும் வராம இருந்தேன் மாமா," என்றாள். "எலிப் புழுக்கை நாத்தம்தான் இருக்கு. வேற ஒண்ணுமே இல்ல."

பிள்ளை அந்த இடத்திலேயே, எண்ணெய் ஊறிய மண்ணில், உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது அதற்கு முன் ஊரில் யாரும் பார்த்ததில்லை.

காதர் பாய்

மேலப்பாளையத்தில் பழைய வண்டி உடைக்கிற காதர் பாயை சுடலை கூட்டிவந்தார். தாடி நரைத்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பானர். வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எங்கள்ல ஒருத்தர் மவுத்தாயிட்டா அன்னைக்கே அடக்கம் பண்ணிருவோம். இது அடக்கம் பண்ணாம வெயில்ல கெடத்துன மாதிரிலா இருக்கு," என்றார். "அண்ணாச்சி, வண்டியில வீணுன்னு ஒண்ணும் கிடையாது. இரும்பு உலைக்குப் போயி கம்பியாகும். ஈயம் மறுபடி பேட்டரியாகும். செம்பு, அலுமினியம், கண்ணாடி, ரப்பர், எல்லாத்துக்கும் ஆள் இருக்கு. சும்மா நிறுத்தி வச்சாத்தான் வெசம். மலையைத் தோண்டி இரும்பு எடுக்காங்க. இங்கன தோண்டின இரும்பு மண்ணுக்கே திரும்பிப் போகுது."

பிள்ளை ஒன்றே ஒன்று கேட்டார். "உருக்கினதுக்கு அப்புறம் எது எந்த வண்டி இரும்புன்னு தெரியுமா?"

"தெரியாது அண்ணாச்சி. எல்லாம் ஒண்ணாயிரும்."

பிள்ளை தலையசைத்தார். ஆனால் சொந்தக்காரர்களைக் கேட்காமல் தொடக்கூடாது என்றார். தன் கையாலேயே ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடிதம் எழுதினார். அவசரம் எங்களுக்குத்தான் தெரியும். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. மழை பெய்து ஆறு ஏறினால் உடங்காட்டுக்குள் முதலில் தண்ணீர் வரும். அங்கே இருக்கிற ஈயமும் ஆசிடும் எண்ணெயும் தாமிரபரணியில் இறங்கினால், கீழே திருநெல்வேலி வரைக்கும் அதைத்தான் குடிக்கப்போகிறார்கள்.

கடிதம் கிடைத்தவர்கள் வந்தார்கள். உடன்குடியிலிருந்து வந்த ஒரு அம்மாள், ஓலைக்கொட்டானில் கருப்பட்டி கொண்டுவந்து எங்கள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, மகனுடைய காரின் கூரையை ஒரு தடவை தொட்டாள். கல்லிடைக்குறிச்சிக்காரரும் அவர் மனைவியும் மகளின் காருக்குள் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து, எங்கேயோ பயணம் போகிறவர்கள் மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் வராமல் "சரி" என்று மட்டும் ஒரு கார்டு போட்டார்கள்.

வெள்ளை வேனுக்கு எழுதிய கடிதம், விலாசத்தில் அப்படி யாரும் இல்லை என்று திரும்பிவந்தது. அதில் செத்தவர் யார், எத்தனை பேர், எதுவும் தெரியவில்லை. பிள்ளை ஆற்றில் முங்கி எழுந்து, பெயர் தெரியாத அவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். அதற்குப் பிறகுதான் வேனைத் தொடவிட்டார்.

காதர் பாயும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் முதலில் பேட்டரிகளைத் தூக்கி மரப்பெட்டியில் அடுக்கினார்கள். ஆசிட் கொட்டிய இடத்தில் சுண்ணாம்பைத் தூவினார்கள். மண் நுரைத்துச் சீறியது. எண்ணெயை எல்லாம் தகர டிரம்மில் வடித்தார்கள். வெறும் கையால் ஈயத் தகட்டை அள்ளிய ஒருவரைப் பார்த்து நான் சத்தம் போட்டேன். "முப்பது வருஷமா இப்படித்தாம்மா அள்ளுதோம்," என்றார் காதர் பாய். பசுவின் வயிற்றிலிருந்து எடுத்ததை அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் எல்லோரும் கையுறை போட்டு வந்தார்கள்.

பிற்பாடு அவருடைய பட்டறைக்கும் போனேன். அங்கே மண் கருகருவென்று இருந்தது. அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். மறு வருஷம் பேட்டரி பிரிக்கிற இடத்துக்கு மட்டும் சிமெண்டுத் தளம் போட்டிருந்தார். பழைய காரை உடைத்தால் மட்டும் போதாது, எங்கே வைத்து எப்படி உடைக்கிறோம் என்பதும் இருக்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

கடைசியாகப் போனது சாம்பல் அம்பாசடர். அன்று பொதிகை மலைமேல் மேகம் கவிந்து உட்கார்ந்திருந்தது. அறுப்பதைப் பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். பிள்ளை நின்று பார்த்தார். பார்வதி மீனுவைக் கூட்டிவரவில்லை. அவள் மட்டும் வந்து அவர் பக்கத்தில் நின்றாள். லாரி கிளம்பும்போது காதர் பாய் காசைப் பற்றிப் பேச வந்தார். "எனக்கு ஒண்ணும் வேண்டாம். பேச்சிக்கு மாடு வாங்கிக் குடுத்துரும்," என்று சொல்லிவிட்டுப் பிள்ளை வீட்டுக்கு நடந்தார்.

ஐந்தாம் நாள் ஆறு ஏறியது. உடங்காட்டில் முழங்கால் வரைக்கும் தண்ணீர்.

மீனுவின் ரத்தம் சென்னைக்குப் போய், முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஈயம் இருந்தது. பாலை உரிய நேரத்தில் நிறுத்தியதால் பிழைத்தாள் என்று டாக்டர் சொன்னாராம். பொங்கலுக்கு அவள் கரும்பைக் கடித்துக்கொண்டு தெருவில் ஓடியதைப் பார்த்தேன். என் ரத்தத்தை நான் சோதிக்கவில்லை. முடிவைத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

புல்

மூன்று வருஷம் கழித்து எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. விடைபெறப் போனபோது பேச்சி உடங்காட்டைக் காட்டினாள்.

கார்த்திகை மாதம். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. மரங்களுக்கு நடுவே இடுப்பளவு புல். ஆனால் அந்தப் பச்சைக்குள் இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, வரிசையாகப் பத்தொன்பது வழுக்கைகள். ஒவ்வொன்றும் ஒரு கார் நீளம், ஒரு கார் அகலம். ஒரு துளிர்கூட இல்லை.

அந்த மண்ணைக் கொஞ்ச ஆழத்துக்கு அப்போதே வெட்டி எடுத்திருந்தோம். அதற்குக் கீழேயும் இறங்கியிருக்கிறது. வெட்டிய மண்ணை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று பல ஆபீஸ் படி ஏறி இறங்கினேன். யாருக்கும் தெரியவில்லை. இரும்பை வாங்க ஆள் வந்தது. ஈயத்தை வாங்க ஆள் வந்தது. அந்த மண்ணை வாங்க ஒருத்தரும் இல்லை. கடைசியில் ஆற்றுக்கு எட்டாத மேட்டில் குழி தோண்டி, சிமெண்டு பூசி மூடினோம். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"மேய விடுறியா பேச்சி?"

"எங்கன விட? முள்ளடைச்சு வச்சிருக்கேன். தப்பித் தவறி உள்ள வந்தாலும் மாடு அதுல காலு வைக்காது டாக்டரம்மா. சுத்தித்தான் போகும்."

அவளோடு ஆற்றுப்பக்கம் நடந்தேன். கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். ஈரப் புல்லில் எங்கள் இரண்டு பேருடைய தடமும் நேராக வரவில்லை. ஒவ்வொரு வழுக்கைக்கும் ஒதுங்கி, கதவு திறந்தால் இடிக்காத அளவுக்கு இடம் விட்டு, வளைந்து வளைந்து வந்திருந்தது.